டீச்சர் வண்டியின் மூன்று உதறல்கள்

கேள்வி: அண்ணாச்சி, போன மாதம் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். 2018 மாடல், 110 சிசி, மீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான். வெளிநாட்டில் இருப்பவருடைய வண்டி, ஓடவே இல்லை என்று சொல்லித்தான் புரோக்கர் தந்தார். பார்க்கவும் பளபளவென்றுதான் இருந்தது. இப்போது தினமும் நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தால் சாயங்காலம் கை மரத்துப் போகிறது. காலையில் எடுக்கும்போது ஒரு குலுக்கல், 40, 45-ல் ஹேண்டில் உதறல், சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் நிற்பவர் முகமே தெரியாத அளவுக்கு நடுக்கம். மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவர் பெல்ட் செட் மாற்ற வேண்டும் என்கிறார், ஒருவர் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார், மூன்றாமவர் ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் கோன் செட் போய்விட்டது என்கிறார். புரோக்கரிடம் கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் டீச்சர் என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?
ஓர் ஆசிரியை, திங்கள்நகர்

பதில்: டீச்சர், இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்க வேண்டாம், பணத்தையும் வெளியே எடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு உதறல் இல்லை, மூன்று. எடுக்கும்போது ஒன்று, 45-ல் ஒன்று, நிற்கும்போது ஒன்று. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பெரும்பாலும் இருக்காது. மூன்று மெக்கானிக்கும் ஆளுக்கொரு உதறலைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எப்போது உதறுகிறது என்று பிரித்துச் சொல்லாமல் "வண்டி உதறுது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்தால், அவர் கைக்கு எது பழக்கமோ அதைத்தான் முதலில் கழற்றுவார்.

நானும் இதைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். பல வருடத்துக்கு முன் ஒரு பழைய வண்டி வாங்கினேன், 50-ஐத் தாண்டினால் பின்பக்கம் ஆட்டம். ஒரு பட்டறையில் பெல்ட், ரோலர், கிளட்ச் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஒரு பையன் பின் சக்கரத்தைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, "அண்ணாச்சி, வீல் நட்டு லூசா கெடக்கு" என்றான். ஸ்பானர் போட்டு இறுக்கி விட்டான். பஞ்சருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான், அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

முதலில் அந்த 'ஓடவே இல்லாத வண்டி' பற்றி ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போன ஆட்களின் வண்டி நிறைய விலைக்கு வரும். லீவுக்கு வரும்போது ஒரு மாதம் ஓடும், மீதி நாளெல்லாம் தென்னை மூட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கிலோமீட்டர் குறைவுதான், பொய் இல்லை. ஆனால் நிற்கிற வண்டியும் கெடும், வேறு விதமாகக் கெடும். காற்று இறங்கி ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும் (சென்டர் ஸ்டாண்டில் போட்டிருந்தால் பின் டயர் தப்பிவிடும், முன் டயர் மாட்டிக்கொள்ளும்). கார்புரேட்டரில் கிடந்த பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரி ஒட்டும். பிரேக் டிரம், கிளட்ச் பெல் இரண்டிலும் துரு ஏறும். ரப்பர் புஷ் இறுகி வெடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்குகிற ஊர் இது, குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றும் சேர்த்துத் தின்றிருக்கும். அதனால் உங்கள் வண்டியில் தேய்ந்ததைத் தேடுவதைவிட, நின்று கெட்டதைத் தேடுவதுதான் புத்தி.

சரி, எப்படித் தேட? வேகத்தோடு வருகிற உதறலா, எஞ்சினோடு வருகிற உதறலா என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது, நீங்கள் டீச்சர் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். உங்கள் மாதிரி வண்டியில் பெரும்பாலும் 90/100-10 டயர்தான். 10 அங்குல ரிம் என்றால் 254 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் டயரின் உயரம் 90, 90. மொத்தம் 434 மில்லிமீட்டர் விட்டம், சுற்றளவு ஏறக்குறைய 1.36 மீட்டர். 45 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 12.5 மீட்டர் போகிறது, அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுதான் சுற்றும். எஞ்சின் அப்படி இல்லை, நொடிக்குப் பத்துப் பத்தாகப் பல பத்துகள் சுற்றும். இப்போது கையை வைத்துப் பாருங்கள். சக்கரத்தில் கோளாறு என்றால் 'டக டக டக' என்று தனித்தனியாகத் தட்டும், ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடும். எஞ்சினில் இருந்து வருவது வண்டு ரீங்காரம் மாதிரி நுணுக்கமாக இருக்கும், தட்டு எண்ண முடியாது. கை மரத்துப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது அநேகமாக இந்த ரீங்காரத்தின் வேலை. சக்கர ஆட்டம் கையை அலுக்க வைக்கும், மரக்க வைப்பது குறைவு.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆளில்லாத நேரான ரோட்டில் 45 வரை போய், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டுப் பாருங்கள். விட்ட நொடியே உதறல் போய்விட்டால் எஞ்சின், அதன் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், ரோலர் பக்கம். விட்ட பிறகும் அதே மாதிரி ஆடி, வண்டி மெதுவாக மெதுவாகத்தான் குறைகிறது என்றால் சக்கரம், டயர், கோன் செட் பக்கம். கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம், கையை எடுக்கக் கூடாது. ஓடும்போது சாவியைத் திருப்பி அணைத்துப் பார்க்கச் சொல்கிற ஆட்களும் உண்டு, அந்த வேலையே வேண்டாம், ஹேண்டில் லாக் அந்தச் சாவியில்தான் இருக்கிறது.

வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டியது இனி. முதலில் காற்று, சிரிக்காதீர்கள். ஆக்டிவா வகை வண்டிகளுக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் ஒருவர் போனால் 29, இருவர் போனால் 36. பங்கில் பையன் இரண்டுக்கும் சேர்த்து 35 அடித்துவிட்டிருப்பான், முன் டயர் கல்லு மாதிரி ஆகிவிடும், ரோட்டில் கிடக்கிற சின்னக் குழியெல்லாம் நேரே கைக்கு வரும். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்று கையேட்டில் பார்த்துவிட்டு, எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம். 1118 என்று இருந்தால் 2018-ம் ஆண்டின் 11-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வண்டியோடு வந்த அதே டயர் இன்னும் கிடக்கிறது என்றால், பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கவும் செய்யும்.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வீட்டில் ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொன்னால் முன் சக்கரம் தூக்கும். ஓர் ஈர்க்குச்சியை டயருக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். குச்சிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, நெருங்கி நெருங்கி விலகுகிறதா? ரிம்மின் ஓரத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் ரிம் கோட்டம். ரிம் நேராக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயர்தான் கெட்டது. கோணிய ரிம்மைத் தட்டி நேராக்கித் தருகிறேன் என்பவர்கள் உண்டு, பட்ஜெட் இல்லாத காலத்தில் நானும் தட்டி ஓட்டியிருக்கிறேன், ஆனால் இந்த ஸ்கூட்டர் ரிம்முக்கு அது நிற்காது.

முன்பக்கம் தூக்கியிருக்கும்போதே கோன் செட்டையும் பார்த்துவிடலாம். சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள், 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலம் மெல்லத் திருப்புங்கள், நடுவில் ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் பேரிங் குண்டு உட்காரும் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். தளர்ந்ததை இறுக்கினால் போதும், குழி விழுந்ததை இறுக்கினால் வண்டி இன்னும் மோசமாக அலையும். மூன்றாவது மெக்கானிக் சொன்னது சரியா தப்பா என்று இந்த ஒரு விரல் சொல்லிவிடும்.

இனி பின்பக்கம். பின் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்துத் தள்ளி இழுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, ஸ்கூட்டரில் எஞ்சினும் பின் சக்கரமும் ஒரே துண்டு, எஞ்சினே தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும், சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரம் மட்டும் ஆடினால் வீல் நட்டு அல்லது உள்ளே கியர் பெட்டியில் பேரிங். சக்கரத்தோடு எஞ்சினும் சேர்ந்து ஆடினால் புஷ். நீங்கள் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்குவதற்கு இந்த எஞ்சின் புஷ்தான் என் முதல் சந்தேகம். அதற்கு முன்னால் ஐடிலிங் பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு நிற்கும்போது நிமிடத்துக்கு 1,700 சுற்று மாதிரி வேண்டும், கார்புரேட்டரில் பிசின் பிடித்து அது குறைந்திருந்தால் ஒற்றை சிலிண்டர் தடதடக்காமல் என்ன செய்யும்? லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தவுடன் நடுக்கம் அடங்கினால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக் பார்த்து, ஐடிலிங் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். எஞ்சினை இறக்குவது கடைசிப் பேச்சு. ஸ்டாண்டில் போட்டு ரேஸ் செய்யும்போது பின் சக்கரம் சுற்றும், சேலை முந்தானை, துப்பட்டா, பிள்ளைகள் எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

மிஞ்சியது காலைக் குலுக்கல். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் கிளட்ச் ஷூ சுழன்று விரிந்து பெல்லை உள்ளிருந்து பிடிக்கும், அந்தப் பிடிதான் வண்டியை நகர்த்துகிறது. ஷூ கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தாலோ, பெல்லில் துருவோ ஈரமோ இருந்தாலோ பிடித்தும் நழுவியும் பிடித்தும் நழுவியும் வண்டி குலுங்கும். 10, 20-ல் குலுங்கி அப்புறம் சுத்தமாக ஓடினால் இதுவேதான். கழற்றித் தூசு துடைத்து, ஷூவையும் பெல்லையும் எமரி தாளால் லேசாகத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். பெல்லில் நீலம் பாரித்த திட்டு தெரிந்தால் அது சூடேறிக் கோணியிருக்கும், மாற்ற வேண்டியதுதான். அதே மூடியைத் திறக்கும்போது பெல்ட்டும் கண்ணுக்குத் தெரியும், பல்லுக்கு நடுவில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் 'செட்' என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள். மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எதை மாற்றினார் என்பது அப்போதுதான் உறுதியாகும்.

இதையெல்லாம் தபாலில் எழுதி அனுப்பிவிட்டேன். இதழ் அச்சுக்குப் போகும் முன் டீச்சரின் பதில் வந்தது. முன் டயரில் இலக்கம் 0918, சுற்றிவிட்டால் ஓர் இடத்தில் பள்ளம், ஆக்சிலேட்டரை விட்டாலும் 45 ஆட்டம் போகவில்லை. ஹேண்டில் ஒரு விரலுக்குத் தடையில்லாமல் திரும்புகிறது. டயரை மாற்றினார், ஹேண்டில் அடங்கிவிட்டது. எஞ்சின் புஷ் இரண்டும் வெடித்திருந்தன, அதையும் மாற்றிய பிறகு கண்ணாடியில் ஆள் முகம் தெரிகிறதாம். காலைக் குலுக்கல் மட்டும் மிச்சம், அது பரீட்சை முடிந்து விடுமுறையில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பார்க்கலாம் டீச்சர், அந்தக் குலுக்கல் எங்கேயும் ஓடிப்போகாது. சிக்னலில் திடீரென்று பாயாமல் மெல்ல எடுங்கள்.

கேள்வி: நாகர்கோவில் டவுனுக்குள் என் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் மட்டும் பிடித்து உலுக்குகிறது. பழைய வண்டி வாங்கி ஏமாந்துவிட்டேனா?
ஒரு வாசகர், தோவாளை

பதில்: அண்ணாச்சி, அங்கே அத்தனை காற்றாலையை எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? கணவாய் வழியாக வருகிற காற்று, ஆனி ஆடியில் பஸ்ஸையே பக்கவாட்டில் தள்ளும், நூறு கிலோ ஸ்கூட்டர் எம்மாத்திரம். பின்னால் டாப் பாக்ஸ், முன்னால் உயரமான கண்ணாடி விசர் இருந்தால் கழற்றி வையுங்கள், பெரிய லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் ஜாக்கிரதை. வண்டியில் ஒன்றும் இல்லை.

கேள்வி: குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன். ஸ்கூட்டரில் ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு கடைக்குப் போகும்போது 30-லேயே ஹேண்டில் ஆடுகிறது, திரும்பிச் சும்மா வரும்போது ஒன்றும் இல்லை. கோன் செட் மாற்றியும் அப்படியே இருக்கிறது.

பதில்: சும்மா வரும்போது இல்லை என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், கோன் செட் காசு போனது போனதுதான். சுமையைப் பின் சக்கர அச்சுக்கும் பின்னால் கேரியரில் கட்டுகிறீர்கள். பின்னால் அமுங்க அமுங்க முன்பக்கம் தூக்குகிறது, முன் டயர் ரோட்டைப் பிடிக்காமல் தத்தளிக்கிறது. கொஞ்சம் ஷீட்டை மடக்கிக் கால் வைக்கும் இடத்தில் போடுங்கள், மீதியைச் சீட்டின் மேலேயே முன்னால் தள்ளிக் கட்டுங்கள், பின் டயரில் காற்றை இருவர் அளவுக்கு ஏற்றுங்கள். அப்படியும் ஆடினால் பின் ஷாக்கைப் பார்க்கலாம், எண்ணெய் வடிந்திருக்கும். ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் குறைக்கலாம், மேட்டு ரோடு, வளைவு ரோடு அது.

கேள்வி: பிரேக் பிடித்தால் மட்டும் அதிர்கிறது. முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை.
ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: இடது லீவரை மட்டும் பிடித்துப் பார்த்திருப்பாய் தம்பி. காம்பி பிரேக் வண்டியில் இடது லீவர் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும். மெதுவான வேகத்தில் வலது லீவரை மட்டும் பிடி, அப்போதும் அதிர்ந்தால் முன் டிரம். வலதில் சுத்தமாக இருந்து இடதில் அதிர்ந்தால் பின் டிரம். மழையில் நின்ற வண்டி என்றால் துருவாகவும் இருக்கலாம், இரண்டு நாள் ஓடினால் தேய்ந்து போகும். ஒரு வாரம் கழித்தும் இருந்தால் டிரம்மின் வட்டம் போய்விட்டது.

கேள்வி: பாறசாலையில் ஒரு கேஎல் வண்டி விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்க்க அஞ்சு நிமிடம்தான் தருவாராம். அதற்குள் என்ன பார்க்க?
ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: பேப்பரை முதலில் முடித்துவிடுவோம். அங்குள்ள ஆர்டிஓ-விடம் இருந்து தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும், அது கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற உங்களுக்கு 30 நாள். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டுவதாக இருந்தால் டிஎன் எண்ணுக்கு மாற்ற வேண்டும், வரியும் உண்டு, அதையும் சேர்த்து விலை பேசுங்கள்.

அஞ்சு நிமிடம் தாராளம். ரோட்டில் 20-க்குப் போகும்போது குலுக்கல், 45-ல் ஆட்டம், ஆக்சிலேட்டரை விட்டால் என்ன ஆகிறது, பிரேக்கில் அதிர்வு, இவ்வளவுதான். திரும்பி வந்து, இரண்டு டயரையும் நனைத்து நேராக உருட்டித் தண்ணீர்த் தடத்தைப் பாருங்கள், முன் சக்கரத்தின் தடத்தில் பின் சக்கரம் ஏறாமல் தனிக்கோடாக விலகிப் போனால் எங்கேயோ விழுந்து சட்டம் கோணிய வண்டி. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், ஸ்டார்ட் செய்யும் முன், குனிந்து எஞ்சின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓட்டிப் பழக்கி வைத்திருக்கிறார், காலைக் கோளாறு ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. "நாளைக்குக் காலம்பற வாறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சாயா குடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். மறுநாளும் சூடாகவே இருந்தால் வேறு வண்டி பாருங்கள்.